அப்புவுக்கும் சேர்த்து ஒரு வீடு

வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எத்தனை பேர் என்பார்கள். அப்புறம் என்ன வேலை, சைவமா அசைவமா, தண்ணீர் ஜாஸ்தி புழங்குவீர்களா என்று ஒவ்வொன்றாக வரும். வெண்மதிக்கு முதல் கேள்வியிலேயே நாக்கு தடுக்கும். நானும் எங்க வீட்டுக்காரரும் என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாள். பிறகு, "அப்புன்னு ஒருத்தன்" என்பாள். பிள்ளையா என்று கேட்கும்போது அவர்கள் முகம் மலரும். நாய் என்றதும் மலர்ந்த முகம் கூம்பிவிடும். மற்றக் கேள்விகளுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

கடலூருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டியிருக்கிற குடிகாடு என்ற ஊரில்தான் அவளும் கதிரவனும் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்தார்கள். கதிரவனுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. வெண்மதி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். பிள்ளை இல்லை, அதற்காகப் போகாத கோயிலும் இல்லை. ஓர் ஐப்பசி மழையில் வேலை முடிந்து வந்தவன், கம்பெனி வாசலில் நனைந்து கிடந்த ஒரு குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தான். டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அவன் சொட்டச் சொட்ட நின்ற கோலத்தைப் பார்த்து, திட்ட வந்த வாயில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. குட்டி செம்மண் நிறம். இடது காது மட்டும் மடிந்து தொங்கும். அப்பு என்று பெயர் வைத்தார்கள். ஒருநாளும் சங்கிலி அறியாமல், அவன் கையால் சோறு தின்று அது வளர்ந்தது.

மாசி மாதத்தில் கதிரவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போயிற்று. உயிர் மிஞ்சியதே தேவநாத சுவாமி செய்த உபகாரம் என்று வெண்மதி திருவந்திபுரத்துக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு வந்தாள். சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், தினமும் வந்து பயிற்சி எடுத்தால் நடையும் பேச்சும் பெருமளவு திரும்பும் என்றார்கள். அவனைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது ஆகாத காரியம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. சிதம்பரத்திலேயே ஒரு வீடு பார்ப்பது என்று முடிவு செய்தாள். தையல் மெஷின் எங்கே போட்டாலும் ஓடும்.

நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனால் என்ன என்று பலரும் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கதிரவனின் வலது கையைக் கவனித்தவர்கள் இல்லை. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பான். அப்பு வந்து அந்த உணர்வில்லாத கைக்கு அடியில் தன் தலையை நுழைத்துக்கொள்ளும். அப்போது விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கழுத்து மயிரில் ஊரும். பயிற்சி கொடுக்கிற பிரீதா என்ற பெண், வெண்மதி செல்போனில் எடுத்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "நாய விட்டுடாதீங்கக்கா. எனக்குப் பாதி வேலைய அது செஞ்சிடுது" என்றாள். அதற்குமேல் வெண்மதிக்கு வேறு யோசனை இருக்கவில்லை. அப்பு இல்லாத வீட்டில் கதிரவன் தேறமாட்டான் என்று அவள் நம்பினாள்.

ஆனி மாதம் முழுக்க அலைந்தாள். அன்பரசு என்ற வீட்டுப் புரோக்கர் தெருத் தெருவாகக் கூட்டிப் போய்க் காட்டினான். ஓரிடத்தில் கைக்குழந்தை இருக்கிறது என்றார்கள். இன்னோரிடத்தில் மாடியில் இருக்கிறவருக்கு நாய் மயிர் ஆகாது, மூச்சு முட்டும் என்றார்கள். சுவரில் வைரவர் படத்துக்கு மாலை போட்டு, தேய்பிறை அஷ்டமி தவறாமல் விளக்கேற்றுகிற ஒரு வீட்டில், சாமிக்குப் பக்கத்தில் நின்ற நாயைப் பார்த்ததும் வெண்மதிக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த வீட்டம்மாள் நல்லவள்தான். வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். "அது சாமியோடதும்மா. இது தெருவோடது" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். ஒரே ஒரு வீட்டில் நாய் இருந்தால் நல்லதுதான், திருட்டுப் பயம் இருக்காது என்றார்கள். ஆனால் கதிரவனின் நிலையைக் கேட்டதும், உடம்புக்கு முடியாதவரை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்றைக்கு வெண்மதி கீழ கோபுரத்து வாசலில் உட்கார்ந்து, நாய்க்கு இடம் கொடுக்கிறவர்கள் மனுஷனுக்குக் கொடுக்கவில்லை, மனுஷனுக்குக் கொடுக்கிறவர்கள் நாய்க்குக் கொடுக்கவில்லை, நான் எங்கேதான் போகட்டும் என்று உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறவரைக் கேட்டாள்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவரவர் வீடு அவரவர் பயத்தையும் சேர்த்துக் கட்டியதுதான்.

ஆனித் திருமஞ்சனம் முடிந்து, தேரோடிய வீதிகளில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி போகமாட்டார்கள்; ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். கதிரவனின் கைகால்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நாள் தள்ளத் தள்ள இறுகிவிடும் என்று பிரீதா சொல்லியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பஞ்சநாதத்தின் வீடு காலியாயிற்று.

பஞ்சநாதம் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். மகள் வினோதினி கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். முன்கட்டில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, காலையும் மாலையும் நடராசரைப் பார்த்துவிட்டு வருகிறவர். பின்கட்டை வாடகைக்கு விடுவார். ஓர் அறை, சமையலறை, படி இல்லாத வாசல், பின்னால் வேப்பமரம் நிற்கிற கொல்லை. காலை இழுத்து நடக்கிறவனுக்கும் ஏற்றது, நாய்க்கும் ஏற்றது.

நெற்றி நிறையத் திருநீறும் சிரிக்காத முகமுமாக அவர் முன்னே நடந்து வீட்டைக் காட்டினார். கதிரவனின் நிலையை அவள் சொன்னபோது, அப்படியென்றால் குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கண் கலங்கிற்று. அப்புவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர், "சுத்தபத்தமா பொழங்கற வீடும்மா. எனக்கு அது ஒண்ணுதான்" என்றார். பின்னால் நின்ற அன்பரசு இருமினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சந்து முனைக்கு வந்ததும் அன்பரசு வண்டியை நிறுத்தினான். "தங்கச்சி, பெரியவரு ரொம்ப ஆச்சாரம். நாயின்னு வாயத் தொறந்தீன்னா இதுவும் போயிடும். பாலைக் காய்ச்சிட்டு உள்ள பூந்துடு. ஆடி கழியட்டும், ஆவணில மெதுவா இட்டுகிட்டு வா. முடியாத மனுஷன வச்சிகிட்டு இருக்கறவள, அப்புறம் யாரு வெளிய போன்னு சொல்லுவாங்க?"

வெண்மதி பொய் சொல்லிப் பழகாதவள். சொல்லாமல் விடுவதும் பொய்யில் சேருமா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். சேராது என்று ஊர் வந்து சேர்வதற்குள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேவை பெரிதாக இருக்கும்போது மனசாட்சி சின்னக் குரலில்தான் பேசும்.

ஆனியின் கடைசிப் புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். சாமி படமும் விளக்கும் முதலில் உள்ளே போயின. அப்புறம் அரிசி, உப்பு, மஞ்சள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பஞ்சநாதம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, நல்லா இருங்க என்றார். பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டிப் போடக்கூடாது, அன்றிரவே அங்கே படுக்க வேண்டும் என்பது முறை. ஆகவே சாமான் ஏற்றிய வண்டியிலேயே கதிரவனையும் முன்சீட்டில் உட்கார்த்தி அழைத்து வந்துவிட்டாள்.

அப்புவை ராசம்மாளிடம் விட்டிருந்தாள். ராசம்மாள் குடிகாட்டில் பக்கத்து வீட்டுக்காரி, கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை போட்டிருக்கிற கிறிஸ்தவப் பெண்மணி, தனிக்கட்டை. ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் அக்கா என்று வெண்மதி கையைப் பிடித்துக் கேட்டபோது, எவ்வளவு நாள் ஆனாலும் இருக்கட்டும் என்றாள். வண்டிக்குப் பின்னால் ஓடி வந்துவிடும் என்று பயந்து, பழைய சேலைக் கிழிசலால் அதன் கழுத்தைக் கட்டி, ராசம்மாள் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டியின் இரைச்சலையும் மீறி அது கத்துவது கேட்டது. கதிரவன் திரும்பிப் பார்க்க முயன்றான். உடம்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆ...வணி?" என்றான்.

ஆவணிதான் என்றாள் வெண்மதி.

சிதம்பரத்துக்கு வந்தபிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ராசம்மாள் போன் போடுவாள். போனை அப்புவின் காதோரம் வைப்பாள். கதிரவன் இங்கிருந்து அதன் பெயரைச் சொல்வான். சாப்பிட்டாயா, சமத்தாக இருக்கிறாயா என்று குழறிக் குழறிக் கேட்பான். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சிரைப்பு மட்டும் கேட்கும். ஆஸ்பத்திரியில் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறவன், இந்தப் போனுக்காகப் பகலெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சநாதத்தின் காதில் விழாமல் வெண்மதி அந்த நேரத்தில் கதவைச் சாத்தி வைப்பாள்.

அங்கே ராசம்மாளுக்கு நாயைக் கட்டிப் போட மனம் வரவில்லை. கட்டியிருந்த இரவெல்லாம் அது சோற்றைத் தொடவில்லை. ஏசப்பா, வாயில்லாத ஜீவனை இப்படி வைத்திருக்கிறேனே என்று மறுநாளே சேலைத் துணியை அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்ததும் அது நேரே பழைய வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பாட்டு வேளைக்கு அவளிடம் வரும். போன் வரும்போது வந்து நிற்கும். மற்ற நேரமெல்லாம் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் கிடக்கும். இனி எங்கே போய்விடப்போகிறது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். கட்டுவதைவிட அவிழ்ப்பது நல்லது என்று நினைக்கிற மனசு. அந்த மனசை எப்படிக் குறை சொல்வது?

ஆடி நடுவில் அந்தப் பழைய வீட்டின் சொந்தக்காரர் ஆள் விட்டு வீட்டைச் சுத்தம் செய்தார். தரையையும் நிலைப்படியையும் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பும் கதவுக்குப் பெயிண்டும் அடித்தார்கள். வேலையாட்கள் போனபிறகு அப்பு நிலைப்படியை முகர்ந்து பார்த்தது. கதவின் அடியில் மூக்கை வைத்துப் பார்த்தது. சுற்றி வந்து மறுபடியும் முகர்ந்தது. கதிரவனுடைய வாடையோ வெண்மதியுடைய வாடையோ அங்கே மிச்சமில்லை. மறுநாள் விடிந்தபோது அதைக் காணவில்லை.

ராசம்மாள் கடையைத் திறக்காமல் பகல் முழுக்கத் தேடினாள். சாயங்காலம் போன் போட்டு, பேசமுடியாமல் அழுதாள். வெண்மதி கொல்லைக்குப் போய் நின்று கேட்டுக்கொண்டாள். உள்ளே வந்தபோது கதிரவன் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அக்கா போன் ரிப்பேராம், அப்பு நல்லா இருக்கானாம் என்றாள். அவன் தலையாட்டினான். அன்றைக்குச் சொல்ல வைத்திருந்த வார்த்தையை, போன் இல்லாமலே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் ஜாக்கெட் துணி எடுத்து வரவேண்டும், அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று பஞ்சநாதத்திடம் சொல்லிவிட்டு வெண்மதி முதல் பஸ்ஸில் கடலூருக்குப் போனாள். குடிகாட்டில் சந்து பொந்தெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கம்பெனி வாசல்களில் கேட்டாள். முதுநகர் மீன் மார்க்கெட்டிலும் துறைமுகத்துப் பக்கமும் ராசம்மாளோடு சுற்றினாள். செம்மண் நிறத்து நாய்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு காதும் நிமிர்ந்திருந்தன. ராசம்மாள் நான் பாவி, நான் பாவி என்று சொல்லிக்கொண்டே கூட வந்தாள். பாவம் உன்னுடையது இல்லை அக்கா என்று வெண்மதி அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

வெறுங்கையோடு அவள் சிதம்பரம் திரும்பியபோது உச்சி வெயில். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. பஞ்சநாதம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதிரவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். வழிந்ததைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்காத மனிதர் என்று அன்பரசு சொல்லியிருந்தான். வெண்மதி அங்கே நிற்க முடியாமல் சமையலறைக்குள் போனாள்.

கதிரவன் தூங்கியபிறகு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "துணி எடுக்கப் போனவ பையே எடுத்துகிட்டுப் போகல. என்னாம்மா நடந்துது?" என்று கேட்டார்.

வெண்மதி எல்லாவற்றையும் சொன்னாள். அன்பரசு இருமியதிலிருந்து, பெயிண்டு அடித்ததுவரைக்கும். நாயை மறைத்ததற்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் செய்துவிடுகிறேன் ஐயா என்று முடித்தாள். கொல்லையில் வேப்பம்பழத்துக்குக் காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"கேட்டிருந்தா சரின்னு சொல்லிருப்பனான்னு எனக்கே தெரியலம்மா" என்றார். "சாமி பேரு சொல்ற வாயால பொய் சொல்லக்கூடாது. வேணாம்னே சொல்லிருந்தாலும் சொல்லிருப்பேன். ஆனா ஒரு பொம்பள, கட்டுனவன் ஒடம்புக்காக ஒண்ணு கேக்க வாயெடுத்துட்டு, என் மூஞ்சியப் பாத்து முழுங்கிருக்கா பாரு. அப்படி ஒரு மூஞ்சிய வச்சிகிட்டா நான் இத்தினி நாளு சாமி கும்பிட்டுகிட்டு இருந்திருக்கேன்?"

அவள் பதறி, அப்படியெல்லாம் இல்லை ஐயா, தப்பு என்மேல்தான் என்றாள். இரண்டு பேர் மேலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் முன்கட்டுக்குப் போனார். சட்டையை மாட்டிக்கொண்டு, மொபெட் சாவியோடு திரும்பி வந்தார். எதிர்வீட்டு ஸ்ரீமதியைக் கூப்பிட்டுக் கதிரவன் எழுந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"வண்டி போன வழியத்தான் நாய் புடிக்கும். இங்கேருந்து வடக்க கேட்டுகிட்டே போவோம், வா."

அவருடைய பழைய மொபெட் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்று போயிற்று. நின்ற இடத்திலும் அவர் இறங்கிக் கேட்டார். பெட்டிக் கடை, பஞ்சர் கடை, நுங்கு விற்கிறவர்கள், ரோடு வேலை செய்கிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. திருநீறு பூசிய ஒரு பெரியவர், ஒரு காது மடிந்த நாயைப் பார்த்தீர்களா என்று வேகாத வெயிலில் கேட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். என்னா மாமா, ஜாதி நாயா என்று ஒருவன் கேட்டான். "வீட்டு நாய்ப்பா" என்றார் அவர்.

ஆலப்பாக்கத்துக்கு வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறவர் கேட்டதுமே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முந்தின நாள் காலையில் பார்த்ததாகச் சொன்னார். ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்து கடை ஓரத்தில் நின்றதாம். பன்னைப் பிய்த்துக் கீழே போட்டாராம். "மோந்து பாத்துட்டு நிக்குது, திங்கல. சரி, கையால துன்னு பழகுன புள்ள போலன்னு ஒக்காந்து கையில வச்சி நீட்டுனேன். முழுசாத் துன்னுச்சிம்மா. தண்ணி வச்சேன், குடிச்சிது. இங்கியே கெடன்னு கூட சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துது. அப்புறம் தெக்கால போயிடுச்சி."

தெற்கால் என்றால் சிதம்பரம். வெண்மதி ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பஞ்சநாதம் டீக்கடைக்காரரோடு இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, வண்டியைத் திருப்பினார்.

திரும்பும்போது ரோட்டின் மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு நாய் லாரியில் அடிபட்டுவிட்டது. நல்ல சிவப்பு. அப்படியே கிடந்து நசுங்க வேண்டாமே என்று, ரோடு வேலை செய்கிற பையன்கள் ஓரமாக இழுத்து மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

"காது?" என்றாள் வெண்மதி. "ஒரு காது மடிஞ்சி இருந்துதா?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் யாரும்மா பார்த்தார்கள் என்று வருத்தத்தோடு சொன்னாள். இடத்தைக் காட்டிவிட்டு, தன் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வெண்மதிக்கு முகம் கழுவிக்கொள்ளக் கொடுத்தாள்.

முள்செடிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மண்மேடு. வெண்மதி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அப்புவாக இருக்கக்கூடாது என்று ஒரு மனம் வேண்டிற்று. அப்புவாகவே இருந்தால் இனிமேல் நொண்டிக்கொண்டு திரிய வேண்டாமே என்று இன்னொரு மனம் வேண்டிற்று. இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினாள். பஞ்சநாதம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். இடுப்பிலிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து அந்த மண்ணின்மேல் தூவினார். அவர் உதடுகள் அசைந்தன. யாருடைய நாயாக இருந்தாலும் சொல்லத் தகுந்த வார்த்தைகளைத்தான் அவர் சொல்லியிருப்பார்.

அவர்கள் வீடு சேர்ந்தபோது சாயரட்சை மணி அடித்து ஓய்ந்திருந்தது.

அதன்பிறகும் ஒரு வாரம் வெண்மதி காத்திருந்தாள். அது வேறு நாயாக இருக்கலாம், அப்பு எந்த நிமிஷமும் சந்துக்குள் நொண்டிக்கொண்டு வரலாம் என்று இருந்தாள். பஞ்சநாதம் முன்வாசல் கேட்டைத் தாழிடுவதை விட்டுவிட்டார். கதிரவன் ஒவ்வொரு சாயங்காலமும் ரிப்பேரான போனைப் பற்றிக் கேட்டான். அவள் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னாள். அவன் நம்பினான். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவன் தேறுவதற்காகச் சொல்கிற பொய், சொல்கிறவரைக் கரையான் மாதிரி அரிக்கும்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பு, கொல்லையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவனை உட்கார்த்தினாள். துணைக்கு நில்லுங்கள் ஐயா என்று பஞ்சநாதத்தைக் கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை கேட்பதற்குத் தயங்கவில்லை. அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெண்மதி கதிரவனின் காலடியில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். தான் வாய் திறவாமல் போனதையும் சொன்னாள். ராசம்மாள் அவிழ்த்துவிட்டதைச் சொன்னாள். மண்மேட்டைச் சொன்னாள். காதை யாரும் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள்.

கதிரவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தின் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதி என்ன சொல்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் வாய் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது.

"சா...ப்டுச்சா?"

வெண்மதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. டீக்கடையைப் பற்றி அவள் சொல்ல மறந்திருந்தாள்.

"சாப்டுச்சிங்க. ஆலப்பாக்கத்துல ஒரு டீக்கடைக்காரரு பன்னு குடுத்துருக்காரு. கீழ போட்டாத் திங்கலன்னு, ஒக்காந்து கையால குடுத்தாராம். முழுசாத் தின்னுச்சாம். தண்ணியும் குடிச்சிதாம்."

"கை...யால."

"ஆமாங்க. கையால."

வேப்பிலைகள் உதிர்ந்து அவன் மடியில் விழுந்தன. பிறகு, அவரு பேரு என்று கேட்டான். வெண்மதி கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவளுக்கு ரோட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"கலியமூர்த்தி" என்றார் பஞ்சநாதம். "நான் கேட்டுகிட்டேன்."

கதிரவன் அந்தப் பெயரைச் சொல்ல முயன்றான். முதல் எழுத்தே தொண்டையில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் முயன்றான். பாதியில் உடைந்தது. விடுங்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வெண்மதி அவன் முழங்காலைத் தொட்டாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். பஞ்சநாதம் மரத்தை விட்டு வந்து, அவன் எதிரே குந்தி உட்கார்ந்து, தன் வாய் அவனுக்குத் தெரிகிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கலிய" என்றார்.

"க...லிய."

"மூர்த்தி."

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ சந்து முனையில் ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் வேர்த்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, திரும்பத் திரும்ப அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். அது ஒருவழியாக முழுதாக வாயில் வந்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.